பிரீஆம்ப் வாங்க முதல் அலுமாரியைத் திறந்து பாருங்கள்

"அண்ணை, பிரீஆம்ப் ஒண்டு வேண்டிப் பூட்டினால் சத்தம் ஸ்ரூடியோவில எடுத்த மாதிரி வருமோ?"

இணுவில் பக்கத்துப் பெடியன் ஒருவன் கேட்டான். தேவாரம் பாடுபவன், நல்ல தொண்டை. வீட்டில் ஒரு மைக், ஒரு மடிக்கணினி, இரண்டுக்கும் நடுவில் கையடக்கமாக ஓர் ஓடியோ இன்டர்பேஸ், அதாவது மைக்கின் சத்தத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி. பாடிப் பதிந்து கேட்டால் குரலுக்குப் பின்னால் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் கிடக்கிறது. இன்டர்பேஸ் மலிவானது, அதற்குள் இருக்கும் பிரீஆம்ப் சரியில்லை, தனியாக ஒன்றை வாங்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா வாங்கி அனுப்பவும் தயார்.

ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்கக்கூடிய கேள்வி இல்லை. அவனுக்கு அன்றைக்குத் திண்ணையில் இருந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். வீட்டில் பாட்டோ கதையோ பதிகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும்.

முதலில் மைக். காற்றில் வரும் அசைவை மின்சாரமாக்குவதுதான் மைக்கின் வேலை. அந்த மின்சாரம் மிகவும் சொற்பம். கோயில் மேடை, பள்ளிக்கூட விழா எங்கும் நாம் காண்கிற ஷூர் எஸ்எம்58 மைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் வந்த சாமான், இன்னும் ஓடுகிறது. அதன் வலையில் 94 டெசிபல் சத்தம் விழுந்தால், அதாவது உதட்டைக் கிட்ட வைத்துக் கதைக்கிற அளவில், அது வெளியே தருவது 1.85 மில்லிவோல்ட். ஒரு வோல்ட்டை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் ஒலிப்பதிவுக் கருவிகள் தங்களுக்குள் கதைக்கும் அளவு 'லைன் லெவல்'. தொழில்முறைக் கருவிகளில் அது ஏறத்தாழ 1.23 வோல்ட். இரண்டுக்கும் இடையில் சுமார் 660 மடங்கு வித்தியாசம்.

அந்த 660 மடங்கை ஏற்றிக் கொடுக்கிற சுற்றுக்குப் பெயர்தான் மைக் பிரீஆம்ப். அவ்வளவுதான். சத்தத்தைக் கழுவித் துடைக்கிற சாமான் இல்லை. கிணற்றில் தண்ணீர் கலங்கியிருந்தால் பெரிய மோட்டர் பூட்டினாலும் கலங்கல் தண்ணீர்தான் தொட்டிக்கு வரும், கொஞ்சம் கெதியாக வரும்.

இன்னொன்று: உங்கள் இன்டர்பேஸில் மைக் வயர் செருகும் துளைக்குப் பக்கத்தில் 'கெயின்' என்று ஒரு குமிழ் இருக்கிறதே, அது பிரீஆம்பின் குமிழ். ஆகவே பிரீஆம்ப் இல்லாமல் யாரும் பதிவதில்லை. பெடியன் கேட்டது இரண்டாவது பிரீஆம்ப் தேவையா என்றுதான், அது அவனுக்கே தெரியாது.

எத்தனை மடங்கு வேண்டும்?

இங்கே டெசிபல் கணக்கு கொஞ்சம் வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. மின்னழுத்தத்தில் 6 டெசிபல் கூடினால் இரண்டு மடங்கு. 20 கூடினால் பத்து மடங்கு, 40 என்றால் நூறு, 60 என்றால் ஆயிரம். இந்த நாலையும் மனதில் வைத்திருந்தால் கடைக்காரர் சொல்வது விளங்கும். மேலே சொன்ன 660 மடங்கு என்பது கிட்டத்தட்ட 56 டெசிபல்.

எல்லா மைக்குக்கும் இதே அளவு வேண்டியதில்லை. ஓடியோ-டெக்னிக்கா ஏடி2020 போன்ற கண்டென்சர் மைக் அதே 94 டெசிபல் சத்தத்துக்கு 14 மில்லிவோல்ட் தரும். அதற்கு 39 டெசிபல் கெயின் போதும். கண்டென்சர் மைக்குக்குள் ஏற்கெனவே சிறிய மின்சுற்று ஒன்று இருக்கிறது. இன்டர்பேஸிலிருந்து மைக் வயர் வழியாகவே போகும் 48 வோல்ட் பாண்டம் பவரில் அது வேலை செய்யும். மறுபக்கம் ஷூர் எஸ்எம்7பி. யூடியூப்பில் கதைக்கிற எல்லோருடைய வாய்க்கு முன்னாலும் தொங்குகிற கறுப்புக் குழாய். அது தருவது வெறும் 1.12 மில்லிவோல்ட், கேட்பது 61 டெசிபல். பார்க்கப் பெரிய மைக், சத்தம் மட்டும் சின்னது.

இப்போது இன்டர்பேஸ் பக்கம் வாருங்கள். போக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2இன் மூன்றாம் தலைமுறையில் கெயின் எல்லை 56 டெசிபல். நாலாம் தலைமுறையில் அதை 69 ஆக்கிவிட்டார்கள். முதலாவதில் எஸ்எம்7பியைப் பூட்டி மெல்லிய குரலில் கதைத்தால் குமிழைக் கடைசிவரை திருப்பினாலும் அலை சின்னதாகவே நிற்கும். இரண்டாவதில் அந்தப் பிரச்சினையே வராது. அதே பெயர், ஏறத்தாழ அதே தோற்றம். ஆகவே வாங்க முதல் உங்கள் பெட்டியின் விவரத்தாளில் 'மைக் கெயின் ரேஞ்ச்' என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

கெயின் பற்றாக்குறை. தனிப் பிரீஆம்ப் வாங்க நியாயமான முதல் காரணம் இதுதான். என் கணக்கில் நியாயமான காரணங்கள் மொத்தமே இரண்டரைதான். மற்றவை பின்னால் வரும்.

உஸ் எங்கிருந்து வருகிறது?

பெடியனின் முறைப்பாடு பற்றாக்குறை இல்லை, இரைச்சல். இதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆட்கள் காசைக் கரியாக்குவது இந்த இடத்தில்தான்.

எந்த மின்சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கும். பிரீஆம்ப் சேர்க்கும் இரைச்சலுக்கு 'ஈஐஎன்' என்று ஓர் அளவு உண்டு. மேலே சொன்ன மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட்டில் அது மைனஸ் 128 டிபியூ (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அளவு). எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது. அப்படியென்றால் மைனஸ் 200 உள்ள பிரீஆம்ப் ஒன்றைத் தேடலாமா? தேடலாம், கிடைக்காது. இயற்கை விடாது. மைக் போல 150 ஓம் தடை உள்ள எந்தப் பொருளும், சும்மா மேசையில் கிடந்தாலே, அதன் சூட்டினால் மைனஸ் 131 அளவில் இரைந்துகொண்டிருக்கும். எலெக்ட்ரோன்கள் சூட்டில் அலைவதால் வருகிற இரைச்சல் அது. எத்தனை இலட்சம் கொடுத்தாலும் அதற்குக் கீழே போக முடியாது.

ஆக, ஒரு சாதாரண வீட்டு இன்டர்பேஸ் இயற்கையின் எல்லைக்கு மிகக் கிட்ட நிற்கிறது. அளக்கும் முறையைப் பொறுத்து இடைவெளி மூன்று முதல் ஐந்து டெசிபல். உலகத்திலேயே சிறந்த பிரீஆம்பை வாங்கிப் பூட்டினாலும் இரைச்சலில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆகக் கூடிய இலாபம் அந்த ஐந்து டெசிபல். அதேநேரம் மைக்கை இப்போது இருக்கும் தூரத்தில் அரைவாசிக்குக் கொண்டுவந்தால் குரல் 6 டெசிபல் கூடும். 20 சென்ரிமீற்றரிலிருந்து 10க்கு வந்தால் 6, அதிலிருந்து 5க்கு வந்தால் இன்னொரு 6. ஒரு சதமும் செலவில்லை. மிகக் கிட்டப் போனால் அடிச்சத்தம் கனக்கும், 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதும் என்பது உண்மை. வாய்க்கு நேரே பிடிக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் அது பெருமளவு தீரும்.

இன்னொரு கணக்கு. இதைச் சொன்னபோது பெடியன் நம்பவில்லை. எஸ்எம்7பி போன்ற மந்தமான மைக்கை மைனஸ் 128 உள்ள இன்டர்பேஸில் பூட்டினால், பிரீஆம்பின் இரைச்சல் எவ்வளவு சத்தமுள்ள அறைக்குச் சமம் என்று பார்க்கலாம். 94 டெசிபல் சத்தத்துக்கு அந்த மைக் மைனஸ் 57 டிபியூ தரும், மேலே சொன்ன 1.12 மில்லிவோல்ட்தான் அது. மைனஸ் 128க்கும் அதற்கும் இடையில் 71. 94இலிருந்து 71ஐக் கழித்தால் 23. அதாவது பிரீஆம்ப் போடும் இரைச்சல் 23 டெசிபல் சத்தமுள்ள ஓர் அறைக்குச் சமம். நடுச்சாமத்தில் அமைதியான படுக்கையறையே 30 டெசிபல் அளவில் இருக்கும். சீலிங் பான் சுழலும் அறை அதை எங்கேயோ தாண்டிவிடும்.

யாழ்ப்பாணத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் சீலிங் பானை நிறுத்திவிட்டுப் பாட மனுசனால் முடியாது. பக்கத்து வளவில் கிணற்று மோட்டர். சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் பனையோலை நாள் முழுக்கச் சரசரக்கும், அது பதிவில் கேட்பது அச்சொட்டாக உஸ் மாதிரித்தான். அடுத்த அறையில் குளிர்சாதனப் பெட்டி. பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும் பாண் ஓட்டோ. சீமெந்து நிலம், வெறும் சுவர் என்றால் இந்தச் சத்தங்கள் எல்லாம் அறைக்குள் பந்தடித்துக்கொண்டு நிற்கும். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் பதிவதைப் பற்றி நான் கதைக்கப் போவதில்லை.

அலுமாரிப் பரீட்சை

உங்கள் உஸ் அறையிலிருந்து வருகிறதா, பெட்டியிலிருந்து வருகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மைக்கைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பார் என்று சிலர் சொல்வார்கள். அது பிழையான வழி. ஒன்றும் பூட்டாத துளை, மைக் பூட்டிய துளையைவிடக் கூடுதலாக இரையும். அதைக் கேட்டு இன்டர்பேஸைக் குறை சொன்னவர்கள் கனபேர், நானும் அதில் ஒருவன்.

சரியான வழி இது. வழமையாகப் பாடும்போது கெயின் குமிழ் எங்கே நிற்குமோ அங்கே வையுங்கள். ஒன்றும் கதைக்காமல் இருபது வினாடி பதியுங்கள். பிறகு குமிழைத் தொடாமல், மைக்கைத் தடித்த போர்வையால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, உடுப்பு அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவில் ஆழமாகச் செருகி, வயர் மட்டும் வெளியே வர கதவைச் சாத்துங்கள். மீண்டும் இருபது வினாடி. இரண்டையும் ஹெட்போனில் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். மென்பொருளின் மீற்றரையும் பாருங்கள்.

அலுமாரிக்குள் எடுத்ததில் உஸ் நன்றாக இறங்கிவிட்டால் குற்றவாளி அறை. பிரீஆம்ப் வாங்கினால் அந்த உஸ்ஸும் கூடவே பெருகும். இரண்டும் ஒரே மாதிரி இரைந்தால் மட்டும் மின்சுற்றைச் சந்தேகிக்கலாம். அப்போதுதான் பிரீஆம்ப் பேச்சுக்கே இடம்.

அலுமாரி இன்னொரு வேலைக்கும் உதவும். கதவிரண்டையும் அகலத் திறந்துவிட்டு உடுப்புகளைப் பார்த்துப் பாடுங்கள். எதிரொலி கணிசமாகக் குறையும். முதுகுக்குப் பின்னால் கொடியில் ஒரு மெத்தை விரிப்பைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது.

பெட்டியே இரைகிற சந்தர்ப்பமும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. மிக மலிவான சில இன்டர்பேஸ்களில் குமிழைக் கடைசிக் கால் பங்குக்குத் திருப்பும்போது உஸ் சட்டென்று எழும்பும். முக்கால் அளவோடு நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. நியாயமான காரணம் இரண்டு இதுதான்: கெயின் இருக்கிறது, ஆனால் அந்தக் கடைசிப் பகுதி அழுக்காக இருக்கிறது.

எனக்கு நேரே தெரிந்த ஒரு சம்பவம். எங்கள் பெரியம்மா ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, பழைய ஊர்க்கதைகளைச் சொல்லச் சொல்லப் பதிந்து வைத்தோம். குரல் தாழ்ந்த குரல். மைக்கைக் கிட்ட வைத்தால் அதைப் பார்த்து வெட்கப்பட்டுக் கதை நின்றுவிடும். கையில் இருந்தது ஒரு மந்தமான டைனமிக் மைக்கும் (எஸ்எம்58, எஸ்எம்7பி போல 48 வோல்ட் தேவையில்லாத ரகம்) பழைய இன்டர்பேஸும். குமிழைக் கடைசிவரை திருப்பியும் குரலைவிட உஸ் பெரிதாக நின்றது. அலுமாரிப் பரீட்சையும் செய்தோம், உஸ் அசையவில்லை. அங்கே மைக்குக்கும் இன்டர்பேஸுக்கும் நடுவில் ஒரு சின்ன பூஸ்டரைச் செருகினோம். குமிழ் நடுவுக்கு இறங்கியது, உஸ்ஸும் இறங்கியது.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், வரிசையில் முதலாவதாக நிற்கும் சுற்றின் இரைச்சல்தான் பின்னால் நிற்கும் எல்லோராலும் பெருக்கப்படுகிறது. முதலாவது ஆள் சுத்தமாகப் பத்துப் பதினைந்து மடங்கு ஏற்றிக் கொடுத்துவிட்டால், இரண்டாவது ஆள் போடும் சத்தம் எடுபடாது.

இந்த ரகப் பூஸ்டர்களில் பெயர் பெற்றது கிளவுட்லிப்டர். 25 டெசிபல் தரும். அதே அளவு தரும் கிளார்க் ரெக்னிக் சிரி1, 27 தரும் பெட்ஹெட் என்று வேறும் உண்டு. குமிழ் இல்லை, அடாப்டர் இல்லை. இன்டர்பேஸிலிருந்து வரும் 48 வோல்ட்டைச் சாப்பிட்டு வேலை செய்யும். அந்த 48ஐ மைக்குக்குப் போக விடாது. ஆகவே டைனமிக், ரிப்பன் மைக்குகளுக்குத்தான் இவை. கண்டென்சர் மைக்குக்கு முன்னால் இதைப் பூட்டிவிட்டு மைக் செத்துப்போச்சு என்று கவலைப்படாதீர்கள். பற்றாக்குறைதான் பிரச்சினை என்றால் முழுப் பிரீஆம்பைவிட இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு நேரெதிரான பக்கமும் இங்கே உண்டு. இணுவில், அளவெட்டி என்றாலே நாதஸ்வரமும் தவிலும்தான். தவிலுக்கு முன்னால் மைக்கைப் பிடித்தால் உங்களுக்குக் கெயின் தேவையில்லை, குறைக்கத்தான் வழி வேண்டும். குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தும் சிவப்பு விளக்கு எரிந்தால் 'பாட்' என்ற சுவிச்சைத் தேடுங்கள். இல்லாவிட்டால் மைக்கை எட்ட வையுங்கள். தவிலுக்கு பிரீஆம்ப் வாங்கித் தரச் சொல்லிக் கேட்பவரைத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

பூட்டுவது எப்படி?

சரி, கணக்கெல்லாம் பார்த்து, தனிப் பிரீஆம்ப் ஒன்று வந்துவிட்டது என்று வையுங்கள். கனபேர் அடுத்துச் செய்வது மைக்கைப் பிரீஆம்பில் பூட்டி, பிரீஆம்பிலிருந்து வரும் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள்) வயரை இன்டர்பேஸின் மைக் துளையில் பூட்டுவது. மைக் பூட்டிய துளைதானே, வயரும் அதே வயர்தானே. அங்கேதான் பிழை. பிரீஆம்ப் ஏற்கெனவே லைன் லெவலுக்கு ஏற்றிவிட்டது. மைக் துளைக்குள் இன்னொரு பிரீஆம்ப் அதைத் திரும்பவும் ஏற்றப் பார்க்கும். குரல் கரகரத்துக் கிழியும். இன்டர்பேஸில் 48 வோல்ட் போட்டிருந்தால் அது பிரீஆம்பின் வெளிவாயிலுக்குள் பின்பக்கமாக ஏறும். சில கருவிகள் தாங்கும், சில தாங்காது.

போக வேண்டிய இடம் லைன் துளை. இப்போதைய இன்டர்பேஸ்களில் ஒரே துளையில் இரண்டும் இருக்கும்: சுற்றிவர மூன்று முள்ளுக்கான எக்ஸ்எல்ஆர், நடுவில் கால் அங்குலப் பிளக்குக்கான வட்டம். பிரீஆம்பிலிருந்து இரண்டு கறுப்பு வளையம் உள்ள டிஆர்எஸ் வயர் ஒன்றை எடுத்து நடு வட்டத்தில் செருகுங்கள். பக்கத்தில் 'இன்ஸ்ட்' என்ற சுவிச் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், அது கிற்றாருக்கு உரியது. இந்த வழியால் 48 வோல்ட் வராது. மைக் கண்டென்சர் என்றால் 48ஐ பிரீஆம்பில் போட வேண்டும், இன்டர்பேஸில் இல்லை.

மேலே சொன்ன சின்னப் பூஸ்டருக்கு மட்டும் இது தலைகீழ். அது லைன் லெவல்வரை ஏற்றுவதில்லை, ஆகவே அது மைக் துளைக்குத்தான் போக வேண்டும், 48உம் போட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

அளவு வைக்கும்போது இன்டர்பேஸின் குமிழை அடிவரை இறக்கிவிட்டு, ஏற்றுகிற வேலையைப் பிரீஆம்பிடம் விடுங்கள். ஆகப் பலமாகப் பாடும் வரியைப் பாடும்போது மென்பொருளின் மீற்றர் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையில் தொட்டு இறங்கினால் போதும். பூச்சியத்தைத் தொட வேண்டும் என்ற பழக்கம் ஒலிநாடாக் காலத்தில் வந்தது. 24 பிட் பதிவில் கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடம் இருக்கிறது. சின்னதாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றலாம், கிழிந்ததைத் தைக்க முடியாது.

ஒரு சின்ன ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். மலிவான இன்டர்பேஸ்கள் பலவற்றில் லைன் துளையும் அதே உள் பிரீஆம்ப் வழியாகத்தான் போகிறது, முன்னால் கொஞ்சம் குறைத்துவிட்டு. உள் பிரீஆம்பைத் தாண்டிப் போகிறோம் என்ற நினைப்பு அங்கே முழுக்க உண்மையில்லை. பின்பக்கத்தில் குமிழில்லாத லைன் துளைகள் உள்ள பெட்டி என்றால் அதைப் பாவியுங்கள். ஸ்கார்லெட் 4ஐ4இன் மூன்றாம் தலைமுறையில் பின்னால் இருக்கும் 3ஆம், 4ஆம் துளைகள் அப்படிப்பட்டவை.

கரண்ட்டும் அடாப்டரும்

வெளிநாட்டிலிருந்து சாமான் வருகிற ஊர் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கனடாவில் 120 வோல்ட், நமக்கு 230. மடிக்கணினி, போன் சார்ஜர்கள் இரண்டையும் தாங்கும், அதனால் எல்லா அடாப்டரும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறோம். பல வருடத்துக்கு முதல் எனக்கு ஒரு வால்வு பிரீஆம்ப் (பழைய ரேடியோவில் இருந்த மாதிரிக் கண்ணாடிக் குழாய் உள்ளது) பொதியில் வந்தது. முள்ளை மாற்றுகிற சின்னத் துண்டு ஒன்றைப் போட்டுச் சுவரில் செருகினேன். அரை நிமிடத்தில் அறை முழுக்க எரிந்த வாசம். அம்மா குசினியிலிருந்து ஓடி வந்துவிட்டார். அடாப்டரைத் திருப்பிப் பார்த்தபோதுதான் 120 என்று மட்டும் எழுதியிருந்தது தெரிந்தது.

பிறகு செய்த பிழை இன்னும் மோசம். 9 வோல்ட் என்று இருந்ததால் டவுனில் ஒரு 9 வோல்ட் அடாப்டர் வாங்கிப் பூட்டினேன். கண்டென்சர் மைக் உயிர் பெறவே இல்லை. என்னவென்றால், இந்த ரகச் சின்னப் பிரீஆம்ப்கள் பலவற்றுக்கு வேண்டியது 9 வோல்ட் ஏசி. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது டிசி. உள்ளே 48 வோல்ட்டை உருவாக்கும் சுற்று ஏசியை நம்பித்தான் இருக்கிறது. அடாப்டரில் 'அவுட்புட்' என்ற வரியில் ஏசியா டிசியா, எத்தனை வோல்ட், எத்தனை மில்லிஅம்பியர் என்று மூன்றையும் பார்த்துத்தான் மாற்று வாங்க வேண்டும்.

இன்னொன்று 'ம்ம்ம்' என்ற முரலல். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பதிவில் தாழ்ந்த குரலில் யாரோ முணுமுணுப்பது போலக் கேட்டால் அது அதுதான், உஸ்ஸோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். பிரீஆம்ப், கணினி, ஒலிபெருக்கி என்று கரண்டில் பூட்டும் சாமான் கூடக் கூட இதுவும் கூடும். முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், பாதி நேரம் அதிலேயே போய்விடும். பிறகு எல்லாவற்றையும் ஒரே பலகையில் பூட்டிப் பாருங்கள். முரலலை நிறுத்த எர்த் முள்ளை வெட்டிவிடு என்று அறிவுரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெட்டாதீர்கள். எர்த் துளைக்குள் பேனை மூடியைக் குத்தி இரண்டு முள் பிளக்கைச் செருகும் நம்முடைய பழக்கமும் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிற ஆளுக்கு ஆகாது.

மீதி அரைக் காரணம் நிறம். நல்ல டிரான்ஸ்போமரும் வால்வும் சத்தத்துக்கு ஒரு தடிப்பைக் கொடுக்கும். 1970இல் இங்கிலாந்தில் வந்த நீவ் 1073 பிரீஆம்பின் புகழ் அதன் டிரான்ஸ்போமர்களால்தான் இன்னும் நிற்கிறது. அதை இரைச்சலுக்கு மருந்தாக யாரும் வாங்குவதில்லை, ருசிக்காக வாங்குகிறார்கள். மலிவான வால்வு பிரீஆம்ப் சிலவற்றில் வால்வுக்கு அது கேட்கும் உயர்ந்த மின்னழுத்தம் கிடைப்பதில்லை. உள்ளே சிவப்பாக எரிவது பெரும்பாலும் பார்வைக்குத்தான். ருசி பார்க்க ஆசை என்றால் முதலில் மென்பொருளில் இலவசமாகக் கிடைக்கும் வால்வு பிளகின் (வால்வின் சத்தத்தைப் போலச் செய்யும் சின்ன மென்பொருள்) ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் உங்கள் காதுக்குப் பிடிபடவில்லை என்றால் காசு மிச்சம்.

பெடியன் இரண்டு கிழமைக்குப் பிறகு போன் எடுத்தான். அலுமாரிக்குள் வைத்துப் பார்த்திருக்கிறான். உஸ் கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டதாம். குற்றவாளி சீலிங் பானும் அடுத்த அறைக் குளிர்சாதனப் பெட்டியும். இப்போது பாடும் பத்து நிமிடத்துக்கு இரண்டையும் நிறுத்துகிறான், மைக்கை ஒரு சாண் தூரத்திலிருந்து நாலு விரல் தூரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறான். குளிர்சாதனப் பெட்டியைத் திரும்பப் போட மறந்து ஒருநாள் பால் பழுதாகி அம்மாவிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறான். சித்தப்பாவிடம் பிரீஆம்புக்குப் பதிலாக ஹெட்போன் ஒன்று கேட்டிருக்கிறானாம்.

நேற்று ஒரு தேவாரம் பதிந்து அனுப்பினான். உஸ் இல்லை. இரண்டாம் அடியில் ஒழுங்கைக்குள் நாய் ஒன்று குரைக்கிறது. அந்த அடியை மட்டும் திரும்பப் பாடச் சொல்லியிருக்கிறேன்.